தினசரி காலண்டரைப் பாருங்க, ஆச்சி

கண் மருத்துவரின் வேலை மூச்சுக்காற்று படும் தூரத்தில் நடக்கிற வேலை. கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு தாங்கியில் தாடையை வைத்து, பட்டையில் நெற்றியை ஒட்டி உட்காரச் சொல்வோம், ‘என் காதைப் பாருங்க’ என்போம். அந்தக் கருவிக்கு ஸ்லிட் லாம்ப் என்று பெயர். மெல்லிய கீற்றாக ஒளியைப் பாய்ச்சி, கருவிழியில் தொடங்கி லென்ஸ் வரை ஒவ்வொரு அடுக்கையும் பெரிதாக்கிக் காட்டும். அதன் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருடைய மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இராது. கண்ணின் உள்ளே பார்க்கும் கைக்கருவி என்றால் இன்னும் மோசம். கன்னத்தோடு கன்னம் உரசாத குறை. இருட்டு அறை, ஏசி, மூடிய கதவு. கிருமி பரவுவதற்கு இதைவிடத் தோதான இடத்தை யாரும் கட்டித்தர முடியாது.

இது எங்களுக்கு உறைத்தது வூஹானிலிருந்து வந்த செய்தியால். புது நோயைப் பற்றிச் சக மருத்துவர்களை முதலில் எச்சரித்து, அதற்காகக் காவல் துறையின் கண்டிப்புக்கு ஆளான லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர். அறிகுறி எதுவுமே இல்லாத கண் நீர் அழுத்த நோயாளி ஒருவரைப் பரிசோதித்தபோது தனக்குத் தொற்றியிருக்கலாம் என்று அவர் கருதினார். 2020 பிப்ரவரி 7 அன்று இறந்துபோனார். மார்ச் மாதம் நான் என் ஸ்லிட் லாம்பில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, கண் வைக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு, மறைப்பாகத் தொங்கவிட்டபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நான் கோவில்பட்டியில் சின்ன கண் மருத்துவமனை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கண்புரைக்காக வருகிற கிராமத்துப் பெரியவர்கள். மீதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், பரீட்சைக்கு முன்னால் தலைவலி வரும் பிள்ளைகள். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை வாசலில் ஒருவரும் இல்லை. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை நிறுத்திவைக்கச் சொல்லி எங்கள் சங்கங்களும் அறிவுறுத்தியிருந்தன. அறுவை அரங்கைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் போன் மட்டும் விடாமல் அடித்தது.

அதே மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இந்தத் தற்செயலைப் பலர் கவனிக்கவில்லை. அதற்கு முன்னால் போனில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா தவறா என்று எங்களுக்கே தெளிவில்லை. 2018ல் மும்பை உயர் நீதிமன்றத்தில், தொலைபேசியில் மருந்து சொன்னதை ஒட்டிய வழக்கு ஒன்றில் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வாட்ஸ்அப்பில் யாராவது கண் படம் அனுப்பினால் ‘நேரில் வாங்க’ என்ற ஒரே பதிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் எங்களில் ஏராளம். புது நெறிமுறை அதை மாற்றியது. வீடியோ, குரல், எழுத்து மூன்றுக்கும் அனுமதி உண்டு. நோயாளியே கூப்பிட்டால் சம்மதம் தந்ததாகவே பொருள். மருந்துகளையும் பிரித்துவைத்தார்கள்: எந்த வழியில் பேசினாலும் சொல்லக்கூடியவை, வீடியோவில் பார்த்தால் முதல் முறையே எழுதக்கூடியவை, ஏற்கெனவே நேரில் பார்த்தவருக்குத் தொடர்ச்சியாக மட்டும் எழுதக்கூடியவை, எப்படிப் பேசினாலும் எழுதவே கூடாதவை. சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும், பேச்சின் பதிவைப் பாதுகாக்க வேண்டும். மருத்துவர் வேண்டாமென்றால் மறுக்கலாம், எந்த நேரமும் ‘நேரில் வாருங்கள்’ என்று சொல்லலாம்.

இந்தக் கடைசி வரிதான் கண் மருத்துவர்களுக்கு மிகவும் வேண்டியிருந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

போனில் கண்ணை எவ்வளவு பார்க்கலாம்? இமை, வெள்ளைவிழியின் சிவப்பு, பீளை, வீக்கம், மாறுகண் இவை ஓரளவு தெரியும். கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஏதாவது விழுந்திருந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும். கண்ணின் அழுத்தம் தெரியாது. விழித்திரை தெரியாது. கண்ணுக்குள் அழற்சி இருக்கிறதா, தெரியாது. பார்வையைப் பறிக்கிற நோய்களில் பெரும்பாலானவை இந்தத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கின்றன. தோல் மருத்துவருக்குப் படத்தில் நோயே வந்துவிடுகிறது. எங்களுக்கு வாசல் கதவு மட்டும் வருகிறது.

ஆகவே பார்ப்பதைவிடக் கேட்பதும், பார்வையை அளப்பதும் முக்கியம் என்று சீக்கிரமே புரிந்தது. பார்வையை அளக்க எங்களிடம் எழுத்துப் பலகை இருக்கிறது. நோயாளி வீட்டில் என்ன இருக்கும்? எங்கள் பக்கம் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்காத வீடு கிடையாது. அதில் தேதி எண் உள்ளங்கை அளவுக்கு இருக்கும். அதற்குக் கீழே கிழமை, அதற்குக் கீழே நல்ல நேரம், ராகு காலம், ஆகக் கீழே எறும்பு எழுத்தில் சூலம், சந்திராஷ்டமம். எழுத்து படிப்படியாகச் சிறுக்கிறது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

“ஆச்சி, வலது கண்ணை உள்ளங்கையால மூடுங்க. விரலால வேண்டாம், சந்து வழியா தெரியும். இப்ப தினசரி காலண்டரைப் பாருங்க. தேதி தெரியுதா?”

“தெரியுது டாக்டரம்மா.”

“அதுக்குக் கீழ?”

“பேரன்தான் படிப்பான்.”

“ஆச்சிக்குப் படிக்க வருமா வராதான்னு கேக்கலை. எழுத்து இருக்குறது தெரியுதா?”

“கருப்பா ஊருது. முன்னாடியும் அப்படித்தான்.”

இந்த ‘முன்னாடியும் அப்படித்தான்’ என்ற வார்த்தை கிடைத்துவிட்டால் பாதி நிம்மதி. ‘முந்தாநாள் வரைக்கும் தெரிஞ்சுது’ என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். அளவு துல்லியமாக இருக்காது. மருத்துவ இதழில் போடுகிற எண்ணும் அல்ல. ஆனால் அதே காலண்டரை, அதே நாற்காலியிலிருந்து, அதே பகல் வெளிச்சத்தில் நாளைக்கும் பார்க்கச் சொன்னால், குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு, அதன் வழியே மங்கலாகத் தெரிந்த எழுத்தைப் பார்க்கச் சொல்வேன். தெளிவாகிவிட்டால் பெரும்பாலும் கண்ணாடிப் பவர் கோளாறு, காத்திருக்கலாம். தெளிவாகவில்லை என்றால் வேறு ஏதோ. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதும் உண்டு. நேர்க்கம்பி வளைந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கலாம். சர்க்கரையாலோ வயதாலோ அந்தக் கோளாறு வந்து, கண்ணுக்குள் மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊரடங்கில் வர முடியாமல் போனார்கள். எல்லா நோயாளிகளிலும் எனக்கு அதிகக் கவலை தந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வலி இருக்காது. கண் சிவக்காது. போன் செய்யவும் தோன்றாது.

படம் எடுப்பதும் தனிப் பாடம். ஆரம்பத்தில் வந்த படங்களில் இமை இருக்கும், மூக்கு இருக்கும், பின்னால் டிவி ஓடும். கண் மட்டும் கலங்கலாக இருக்கும். செல்ஃபி கேமராவில் எடுத்தால் உதவாது. பின்பக்கக் கேமராவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, நோயாளியை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, இன்னொருவர் ஒரு அடி தள்ளி நின்று, திரையில் கண் இருக்கும் இடத்தைத் தொட்டு எடுக்க வேண்டும். இன்னும் பக்கத்தில் போனால் கலங்கும். மேல் இமையைத் தூக்கி ஒன்று, கீழே பார்க்கச் சொல்லி ஒன்று, இடம் வலம் பார்த்து ஒவ்வொன்று. இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு படம் கட்டாயம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கண்மணியின் அளவு வித்தியாசம் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று ரிசப்ஷன் பெண் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். இதில் எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் பள்ளிக்கூடம் மூடி வீட்டில் இருந்த பேரன் பேத்திகள். ஸ்மார்ட்போனும் பேரனும் இல்லாத வீடுகள் நிறைய உண்டு. தொலைமருத்துவத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கூட்டங்களில் அந்த வீடுகள் கணக்கில் வருவதில்லை.

வந்த அழைப்புகளில் பெரும்பகுதி மருந்து பற்றியது. புரை அறுவைக்குப் பிறகு நாங்கள் தரும் சொட்டு மருந்தை முதல் வாரம் நாளுக்கு 6 வேளை, அடுத்த வாரம் 5, பிறகு 4 என்று குறைத்துக்கொண்டே வருவோம். மார்ச்சில் அறுவை செய்துகொண்டவர்கள் எந்த வாரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் தவித்தார்கள். இது போனில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். உண்மையில் அறுவை முடிந்து எல்லாம் சரியாக இருக்கிறவரை வாரக்கணக்கில் பஸ் ஏற்றி வரவழைத்து, ‘நல்லா இருக்கு, போயிட்டு வாங்க’ என்று அனுப்பிக்கொண்டிருந்தோமே, அதில் எத்தனை தேவை என்று அப்போதுதான் யோசித்தோம். கண் நீர் அழுத்தத்துக்கு ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போடுகிறவர்கள், மருந்து தீர்ந்தால் விட்டுவிடும் அபாயம் இருந்தது. பழைய சீட்டைப் படம் எடுத்து வாங்கிப் பார்த்து, அவர்கள் ஊர் மெடிக்கல்ஸுக்கே புதுச் சீட்டை அனுப்பினோம். அது போன் செய்த மிகப் பெரிய உபகாரம் என்பேன். அதில் புதுமை ஒன்றும் இல்லாததால் யாரும் அதைச் சொல்வதில்லை.

அடுத்தது பயத்தில் வருகிற அழைப்புகள். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் வெள்ளைவிழியில் ரத்தம் கொட்டினாற்போலச் சிவப்பு. வலி இல்லை, பார்வை குறையவில்லை, பீளை இல்லை. இருமும்போதோ தும்மும்போதோ மேல்தோலுக்கு அடியில் சின்ன நாளம் ஒன்று உடைந்திருக்கும். பார்க்கப் பயங்கரம், ஆபத்து அநேகமாக இல்லை, இரண்டு வாரத்தில் தானே கரைந்துவிடும். ரத்தக் கொதிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். கண்கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம். ஆன்லைன் வகுப்பில் கண் எரிகிற பிள்ளைக்கு, இமைக்கச் சொல்லிப் பழக்கம். கையில் தேய்க்கிற சானிடைசர் பாட்டிலை அழுத்திப் பிள்ளைகள் கண்ணில் தெறித்துக்கொண்டது அந்த வருடத்துப் புது விபத்து. அதற்கு முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீர்தான். போனை வையுங்கள், முதலில் கண்ணைக் கழுவுங்கள், கால் மணி நேரம் கழுவிவிட்டுப் பிறகு பேசுங்கள் என்று கத்தியிருக்கிறேன்.

ஒரு அழைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். மகன் பேசினார். “அம்மாவுக்கு ராத்திரியிலேருந்து ஒத்தைத் தலைவலி, வாந்தி எடுத்துக்கிட்டே இருக்காங்க. கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுத்தோம். இப்ப கண்ணும் செவந்திருக்கு, அதான் உங்களுக்குப் போட்டேன்.” கண்ணைக் கடைசியாகத்தான் சொன்னார். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். “ராத்திரி குண்டு பல்பைப் பாத்தீங்களா? சுத்தி வட்டமா கலர் தெரிஞ்சுதா?” “ஆமா, வானவில் மாதிரி இருந்துச்சு.” காலண்டரைப் பார்க்கச் சொன்னேன். நல்ல கண்ணில் தேதி தெரிந்தது. சிவந்த கண்ணில் காலண்டர் இருப்பதே புகையாகத்தான் தெரிந்தது. பேரன் அனுப்பிய படத்தில் அந்தக் கண்ணின் மணி அகன்று நின்றது.

கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் சுரந்து, கருவிழி ஓரத்து வாய்க்கால் வழியே வடிந்துகொண்டிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடம் குறுகல். வயதாகி லென்ஸ் தடிக்கும்போது ஒருநாள் அது திடீரென்று அடைத்துக்கொள்ளும். சாதாரணமாக 10லிருந்து 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் 50ஐத் தாண்டும். பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கும். கணக்கு நாளில் இல்லை, மணி நேரத்தில். வாந்தியும் தலைவலியும் முன்னால் நிற்பதால் வயிற்றுக் கோளாறாக நினைத்து ஏமாறுவது ஊரடங்கு இல்லாத காலத்திலும் நடக்கிறதுதான். மருத்துவ அவசரம் என்று கடிதம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சோதனைச் சாவடியில் அதைக் காட்டிக்கொண்டு லோடு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். அழுத்தத்தை இறக்கி, லேசரில் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரையில் துளை போட்டு, அடுத்த கண்ணுக்கும் முன்னெச்சரிக்கையாகப் போட்டோம். பார்வை பெரும்பாலும் திரும்பியது. போனில் நான் அவருக்கு ஒரு வைத்தியமும் செய்யவில்லை. இன்றே வர வேண்டியவர் என்று கண்டுபிடித்தேன், அவ்வளவே. தொலைமருத்துவத்தில் கண் அறுவை மருத்துவருக்கு இருக்கிற உண்மையான வேலை இதுதான் என்பது என் தீர்மானம்: வர வேண்டியவரையும் வர வேண்டாதவரையும் பிரிப்பது.

அதற்கு நேர்மாறாக இன்னொருவர். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும்போது முள் விளார் கண்ணில் அடித்துவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் அழைத்தார். அதற்குள் ஊர் வழக்கப்படி தாய்ப்பால் விட்டாயிற்று, விளக்கெண்ணெய் விட்டாயிற்று, பக்கத்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்தும் விட்டாயிற்று. மருந்துப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஸ்டீராய்டு. முள்ளும் இலையும் கீறிய கருவிழியில் பூஞ்சைக் காளான் புகுவது நம் நாட்டில், அதிலும் விவசாய வேலை செய்கிறவர்களிடம் மிகச் சாதாரணம். அதில் ஸ்டீராய்டை விட்டால் சிவப்பும் உறுத்தலும் சற்றுக் குறையும், காளானோ கொழுத்து வளரும். அவர் அனுப்பிய படத்தில் சிவப்புதான் தெரிந்தது. வெளியே வெயிலில் நிறுத்தி எடுக்கச் சொன்னபிறகு கருவிழியில் கடுகளவு வெள்ளை தெரிந்தது. சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் அந்தப் புண்ணுக்கு மருந்து எழுத முடியாது. வந்தார்; மாதக்கணக்கில் மருந்து விட்டோம்; கண் தப்பியது, நடுவில் தழும்பு தங்கிவிட்டது.

போனில் எந்த நிலையிலும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் புதிதாக எழுத மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன், இன்றும் வைத்திருக்கிறேன். அக்கி வைரஸ் கருவிழியில் இருந்தால் அது புண்ணைப் பரப்பும்; தொடர்ந்து விட்டால் அழுத்தத்தை ஏற்றும்; புரையையும் வரவழைக்கும். கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சிவந்த கண்ணுக்குச் சீட்டில்லாமல் இந்த மருந்தை எடுத்துக் கொடுப்பது பெரிய பாவம்.

இவ்வளவையும் பார்த்தபிறகு, பெருந்தொற்றுதான் கண் தொலைமருத்துவத்தைக் கொண்டுவந்தது என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முந்தைய சமாசாரம். சென்னை சங்கர நேத்ராலயா 2003லேயே இஸ்ரோவின் துணையோடு செயற்கைக்கோள் இணைப்புள்ள பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004லிருந்து சிற்றூர்களில் விஷன் சென்டர்களைத் திறக்க ஆரம்பித்தது. இன்டர்நெட் எட்டாத அந்தக் காலத்தில், தேனி மருத்துவமனையிலிருந்து சுற்றுவட்டாரச் சென்டர்களுக்கு நெடுந்தூர வைஃபை இணைப்பை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து அமைத்தார்கள். கோபுரம் நட்டு, ஆன்டெனாவை நேருக்கு நேர் திருப்பி, கிலோமீட்டர் கணக்கில் வீடியோவை அனுப்பினார்கள்.

ஆனால் எனக்கு வியப்பு அந்த ஆன்டெனா அல்ல. விஷன் சென்டரில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து, அரவிந்திலேயே பயிற்சி பெற்ற இளம்பெண். அவளிடம் ஸ்லிட் லாம்ப் உண்டு, அழுத்தம் பார்க்கத் தெரியும், கண்ணாடிப் பவர் அளக்கத் தெரியும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்ப்பாள், விழித்திரையைப் படமெடுக்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியபிறகுதான் பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையில் வந்து நோயாளியிடம் பேசுகிறார். பெரும்பாலோருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். அறுவையோ லேசரோ தேவைப்படுகிறவர் மட்டும் பஸ் ஏறுவார். இதில் கேமரா நோயாளியின் கையில் இல்லை. பழகிய ஒருத்தியின் கையில் இருக்கிறது. பஸ் ஓடாத நாளில் பக்கத்து ஊருக்கு சைக்கிளில் போய்விடலாம்.

நான் போனில் காலண்டரையும் ஜன்னல் கம்பியையும் வைத்துத் தட்டுத்தடுமாறிச் செய்ததை, அந்தப் பெண் பத்து நிமிடத்தில் கருவியோடு செய்துவிடுவாள். வீட்டிலிருந்தபடி வீடியோ பார்ப்பதைத்தான் இன்று பல கம்பெனிகள் தொலைமருத்துவம் என்று விற்கின்றன. கண்ணைப் பொறுத்தவரை நோயாளி பக்கத்தில் தேர்ந்த கையும் கருவியும் இல்லாமல் அது பாதி வைத்தியம்கூட இல்லை.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 34 வாரத்துக்கு முன்பு பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு விழித்திரை ரத்த நாளங்கள் ஒழுங்காக வளராமல் போகலாம். பிறந்த 30 நாளுக்குள் ஒரு முறை பார்த்தாக வேண்டும். நோய் முற்றிய நிலையைக் கண்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைக்க வேண்டும். தாமதித்தால் ஆயுளுக்கும் இருட்டு. பெங்களூரு நாராயண நேத்ராலயாவின் மருத்துவர் ஆனந்த் வினேகர் 2008ல் தொடங்கிய கிட்ராப் என்ற திட்டத்தில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கர்நாடக மாவட்டங்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குப் போய்ப் படம் எடுக்கிறார்கள். நிபுணர் பெங்களூரில் இருந்தபடி பார்த்துச் சொல்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் அலைய வேண்டியதில்லை. ஊரடங்கு என்று சொல்லி ஒத்திவைக்க முடியாத கண் பரிசோதனை ஒன்று உண்டு என்றால் அது இதுதான்.

வீட்டு வீடியோவை முழுதாகத் தள்ளிவிடவும் மாட்டேன். 2021 மே மாதம் அதற்கு ஒரு வேலை வந்தது. கொரோனாவிலிருந்து தேறிய சர்க்கரை நோயாளிகளுக்கு, ஸ்டீராய்டும் சேர்ந்த நிலையில், கருப்புப் பூஞ்சை பிடித்தது. தமிழக அரசு அந்த மாதமே அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஆம்ஃபோடெரிசின் மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. மூக்கில் தொடங்கிக் கண்குழிக்கு ஏறி மூளைக்குப் போகும் நோய். முன்கூட்டியே பிடித்தால்தான் உயிரும் கண்ணும் மிஞ்சும். இதன் கண் அறிகுறிகள் வெளியே தெரிகிறவை. வீடியோவில், ‘தலையை ஆட்டாம கண்ணை மட்டும் மேல பாருங்க, கீழ, வலது பக்கம்’ என்று சொன்னால் ஒரு கண் நகராமல் நிற்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இமை தொங்குகிறதா, கன்னம் மரத்திருக்கிறதா, மேல்பல் ஆடுகிறதா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா, மூக்கில் கருப்பாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போவேன். ஆமென்று வந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், நேரே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள் என்று திருப்பிவிடுவேன். அந்த வாரங்களில் போன் கண்ணை மட்டுமல்ல, ஆளையே காப்பாற்றியது.

ஊரடங்கு போனபிறகு கூட்டம் திரும்பியது. அதோடு முற்றிய புரைகளும் வந்தன. புரை அவசரமில்லாத நோய் என்று ஒத்திவைத்தோம். சரிதான், ஆனால் அதுவும் ஒரு வரம்புக்குள்தான். முற்றி ஊதிய லென்ஸ் உள்ளேயே வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். வலியோடு வந்த அத்தகைய பெரியவர்கள் சிலருக்கு அறுவை செய்தும் பழைய பார்வை கிடைக்கவில்லை. போனில் அவர்கள் ‘மங்கலாத்தான் இருக்கு, வண்டி ஓடட்டும், வாரேன்’ என்று சொன்னவர்கள்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் ஒரு ஏற்பாடு நிலைத்துவிட்டது. அறுவைக்கு மறுநாள் நேரில் பார்ப்போம். அடுத்த வாரம் போன். காலண்டர் சோதனை, ஒரு படம், சில கேள்விகள். சந்தேகம் வந்தால் மட்டும் வரவழைப்போம். ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்கு நேரில். நடுவில் ஒரு நாள் கூலி மிச்சம், துணைக்கு வருகிற மகனின் கூலியும் மிச்சம். முதன்முறை வருகிற நோயாளியை மட்டும் போனில் முடித்து அனுப்புவதில்லை. மருத்துவக் கட்டணத்தைவிடப் பஸ் கட்டணமும் போகும் கூலியும் அதிகமாக இருக்கிற இந்த வட்டாரத்தில், ஒன்றியத்துக்கு ஒரு விஷன் சென்டராவது அரசே வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அறை, ஒரு ஸ்லிட் லாம்ப், ஒரு கேமரா, பயிற்சி பெற்ற ஒருவர் போதும். இணைப்பு இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது.

அதுவரை, இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை குறைந்தாலும், திரை இறங்கினாற்போல ஒரு பக்கம் மறைத்தாலும், மின்னல் வெட்டிக் கரும்புள்ளிகள் கொட்டினாலும், தலைவலி வாந்தியோடு கண் சிவந்தாலும், அறுவை செய்த கண்ணில் புதிதாக வலி வந்தாலும், முள்ளோ இரும்புத் தூளோ அடித்தாலும் போனை எடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வண்டி பிடித்து, பக்கத்தில் எந்தக் கண் மருத்துவமனை இருக்கிறதோ அங்கே அன்றைக்கே போய்விடுங்கள். சுண்ணாம்போ ஆசிட்டோ தெறித்தால் மட்டும், முதலில் குழாயைத் திறந்து கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.